தோற்றவர்களின் ஊர்

ஜப்பானில் 1573-ல் மூன்று நாள் நின்றெரிந்த ஒரு கோட்டை நகரம் நெல் வயலுக்கு அடியில் தப்பிப் பிழைத்தது. வென்றவர்கள் பக்கத்தில் எழுப்பிய நகரத்திலோ அந்தக் காலத்தின் சுவடாக மிஞ்சியவை சில கற்கள்தான்.

வாசல் இருக்கிறது, வீடு இல்லை. அகழியைக் கடந்தால் மரத்தாலான ஓர் அழகிய வாயில். அதன் வளைந்த கூரையைப் பார்த்தவுடன் உள்ளே ஒரு மாளிகை காத்திருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். நுழைந்தால் வெறும் புல்தரை. புல்லுக்கு நடுவே வரிசை வரிசையாகத் தட்டைக் கற்கள் பதிந்து கிடக்கின்றன. ஒவ்வொரு கல்லும் ஒரு தூண் நின்ற இடம். மூன்று பக்கம் மண்மேடும் அகழியும், நான்காவது பக்கம் மலை. சுமார் ஒன்றரை ஏக்கர் பரப்புள்ள இந்த வளாகத்தில்தான் அஸகுரா வம்சத்தின் கடைசிப் பிரபு தன் விருந்தாளிகளுக்கு அரிசி மது ஊற்றிக் கொடுத்தார். வாயில்கூட அவர் காலத்தது அல்ல. அவர் மறைந்த பிறகு இங்கே எழுந்த ஒரு கோயிலுக்காகப் பின்னாளில் கட்டப்பட்டது அது.

ஜப்பானின் மேற்குக் கடலோரம், ஃபுகுயி நகரத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது இச்சிஜோதானி. குறுகலான ஒரு பள்ளத்தாக்கு, நடுவே சிற்றாறு, இரண்டு பக்கமும் காடடர்ந்த மலைகள். 1471 முதல் 1573 வரை, ஐந்து தலைமுறைகளாக, எச்சிஸென் என்றழைக்கப்பட்ட அன்றைய மாகாணத்தின் தலைநகரம் இதுதான். பத்தாயிரம் பேர் வாழ்ந்திருக்கக்கூடும் என்பது ஆராய்ச்சியாளர்களின் மதிப்பீடு. இன்று ஆற்றோரம் சில வீடுகள், வயல்கள், மலையடிவாரத்தில் பாசி படிந்த கல் புத்தர்கள். அவ்வளவுதான் மேலே தெரிவது. ஆனால் ஜப்பானியர்களின் இடைக்கால வாழ்க்கையைப் பற்றி இந்தப் பள்ளத்தாக்கு சொன்ன அளவுக்கு அந்நாட்டின் எந்தப் பெரிய கோட்டையும் சொன்னதில்லை.

வெள்ளைக் கோபுரம் இல்லாத கோட்டை

ஜப்பானியக் கோட்டை என்றதும் காலண்டர் படங்களில் வரும் காட்சிதான் நினைவுக்கு வரும்: பிரம்மாண்டமான கல் மதில், அதன் மேல் அடுக்கடுக்கான வெள்ளைக் கோபுரம், முன்னால் செர்ரிப் பூக்கள். அந்தக் காட்சி இடைக்காலத்துக்கு உரியது அல்ல. அப்படிப்பட்ட உயர்ந்த கோபுரங்களுக்கு முன்மாதிரியாக இருந்தது பிவா ஏரிக்கரையில் ஓடா நொபுனாகா கட்டிய அஸுச்சி கோட்டை. அதன் வேலை தொடங்கியது 1576-ல். இச்சிஜோதானி சாம்பலாகி மூன்று வருடம் கழித்து.

அதற்கு முந்தைய கோட்டைகள் மலையையே ஆயுதமாக மாற்றியவை. சிகரத்தைச் சீவித் தட்டையாக்குவார்கள். சரிவுகளை வெட்டிச் செங்குத்தாக்குவார்கள். எதிரி பக்கவாட்டில் நகர முடியாதபடி மேலிருந்து கீழாகப் பள்ளங்கள் தோண்டுவார்கள். மரவேலி, காவல் மேடை, சில கொட்டகைகள். முடிந்தது கோட்டை. இச்சிஜோதானிக்குக் கிழக்கே சுமார் 470 மீட்டர் உயரத்தில் நிற்கும் மலை அப்படிப்பட்ட ஒன்று. உழுத வயலின் சால்கள் போல அதன் சரிவுகளில் ஓடும் பள்ளங்கள் சுமார் 140. காட்டுக்குள் மூச்சிரைக்க ஏறினால் அவற்றை இன்றும் கண்ணால் பார்க்கலாம்.

சமாதான நாட்களில் மலை மேல் யார் குடியிருப்பார்கள்? பிரபுவும் பரிவாரமும் கீழே பள்ளத்தாக்கில் வசித்தார்கள். அங்கேயும் பாதுகாப்புக்குக் குறைவில்லை. பள்ளத்தாக்கு மிகவும் குறுகும் இரண்டு இடங்களில் குறுக்கே மண் அணை எழுப்பி, மேல் வாசல், கீழ் வாசல் என்று வைத்தார்கள். இரண்டுக்கும் இடையே 1.7 கிலோமீட்டர். கீழ் வாசலின் பாறைகள் இன்றும் நிற்கின்றன. சில பத்து டன்னைத் தாண்டும். சாலை நேராக உள்ளே போகாமல் பாறைகளுக்கு நடுவே வளைந்து திரும்புகிறது, உள்ளே வருபவன் வேகம் குறைக்க வேண்டும் என்பதற்காக. இரண்டு வாசல்களையும் சாத்திவிட்டால் ஊரே ஒரு கோட்டைதான்.

விதிகள் எழுதிய பிரபு

இந்த ஊர் எழுந்ததற்குக் காரணம் வேறொரு ஊர் எரிந்தது. 1467-ல் தலைநகர் கியோட்டோவின் தெருக்களில் ஓனின் போர் மூண்டது. ஷோகன் பதவிக்கான வாரிசுத் தகராறில் பெரும் பிரபுக்கள் கிழக்கு அணி, மேற்கு அணி என்று பிரிந்து பத்தாண்டுக்கு மேல் அடித்துக்கொண்டார்கள். நகரத்தின் பெரும்பகுதி கரிக்கட்டையானது. அஸகுரா தொஷிகாகே அப்போது எச்சிஸென் மாகாணத்து ஆளுநர் குடும்பத்துக்குக் கீழே இருந்த ஒரு தளபதி. மேற்கு அணிக்காகப் போரிட்டவர், 1471-ல் கிழக்கு அணிக்குத் தாவினார். பரிசாக மாகாணம் அவர் கைக்கு வந்தது. இன்றைய அரசியல்வாதிகளுக்கு இந்த வித்தையை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

தாவியவர் கெட்டிக்காரர். தன் சந்ததிக்கு 17 விதிகள் விட்டுச் சென்றதாக அஸகுரா குடும்ப ஆவணம் சொல்கிறது. பதவியைப் பரம்பரை பார்த்துத் தராதே, திறமை பார்த்துக் கொடு. பெரும் விலை கொடுத்துப் புகழ்பெற்ற ஒற்றை வாள் வாங்குவதைவிட அந்தப் பணத்தில் நூறு ஈட்டி வாங்கி நூறு பேர் கையில் கொடு. கியோட்டோவிலிருந்து நாடகக் குழுக்களை அடிக்கடி வரவழைக்காதே. உள்ளூரில் திறமைசாலிகளைப் பொறுக்கி அனுப்பிக் கற்றுவரச் செய். நல்ல நாளும் திசையும் பார்த்துக்கொண்டிருந்து போரில் கிடைத்த வாய்ப்பைக் கோட்டைவிடாதே. ராகுகாலம் பார்த்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நமக்கு இந்தக் கடைசி விதி சற்றுச் சங்கடம் தரும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இன்னொன்று. அஸகுரா கோட்டையைத் தவிர மாகாணத்தில் வேறு கோட்டை கூடாது. வசதியுள்ள சாமுராய்கள் அனைவரும் இச்சிஜோதானியில் வந்து குடியேற வேண்டும். கிராமங்களில் அவர்களுடைய காரியஸ்தர்கள் மட்டும் இருந்தால் போதும். தளபதிகள் சொந்த மண்ணில் தனித்தனி ராஜாங்கம் நடத்தினால் என்ன ஆகும் என்பது தொஷிகாகேவுக்குத் தெரியும். அவரே அப்படி மேலே வந்தவர்தானே. பின்னாளில் ஜப்பான் முழுக்கப் பரவிய கோட்டை நகரங்களுக்கு இந்த ஏற்பாடு ஒரு முன்னோட்டம்.

சாமுராய்கள் வந்தார்கள். அவர்கள் பின்னால் வாள் கொல்லரும் சாயக்காரரும் ஜெபமாலை கோர்ப்பவரும் வைத்தியரும் வந்தார்கள். எரிந்த கியோட்டோவிலிருந்து பிரபுக்களும் பண்டிதர்களும் பிழைப்புத் தேடி வந்தார்கள். அக்காலத்தின் மிகப் பெரிய கன்ஃபூஷிய அறிஞரான கியோஹாரா நொபுகாதா 1550-ல் கண்மூடியது இந்தப் பள்ளத்தாக்கில்தான். 1536-ல் ஒரு சீன மருத்துவ நூலை இங்கே அச்சடித்தார்கள். ஜப்பானில் அச்சான மிகப் பழைய மருத்துவ நூல்களில் அது ஒன்று. வடக்கின் சின்ன கியோட்டோ என்று பெயர் வந்தது சும்மா அல்ல.

முடிவெடுக்காத வாரிசு

ஐந்தாம் தலைமுறையான யோஷிகாகேவின் கையில் 1567-ல் ஒரு துருப்புச் சீட்டு வந்து விழுந்தது. கொலையுண்ட ஷோகனின் தம்பி ஆஷிகாகா யோஷியாகி அடைக்கலம் தேடி இச்சிஜோதானிக்கு வந்தார். தன்னைக் கியோட்டோவுக்கு அழைத்துப்போய்ப் பதவியில் உட்கார வைத்தால் போதும் என்பது அவர் வேண்டுகோள். அவரைக் கையில் வைத்திருப்பவர் நாட்டையே கையில் வைத்திருக்கலாம்.

யோஷிகாகே விருந்து வைத்தார். கவிதை அரங்கு நடத்தினார். படையை மட்டும் கிளப்பவில்லை. 1568-ல் அவருடைய இளம் மகன் இறந்துபோனான். அதன் பிறகு எதிலும் அவருக்குப் பிடிப்பில்லாமல் போனது என்று சொல்வோர் உண்டு. காத்திருந்து அலுத்துப்போன யோஷியாகி அதே ஆண்டில் ஓடா நொபுனாகாவிடம் போனார். நொபுனாகா யோசித்துக்கொண்டிருக்கிற ஆளல்ல. சில மாதங்களில் யோஷியாகி கியோட்டோவில் ஷோகனாக உட்கார்ந்திருந்தார். யாருடைய தயவில் என்பது ஊருக்கே தெரியும்.

அடுத்து யோஷிகாகேவுக்கு அழைப்பு வந்தது: கியோட்டோவுக்கு வந்து மரியாதை செலுத்து. அவர் போகவில்லை. 1570-ல் நொபுனாகா படையெடுத்தார். அவருடைய தங்கை ஒய்ச்சியின் கணவர் அஸாய் நாகமாஸா திடீரென்று அஸகுராக்களின் பக்கம் சாய, நொபுனாகா உயிர் தப்பி ஓட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு அனெகாவா ஆற்றங்கரைப் போரில் நொபுனாகாவின் கை ஓங்கியது. ஆனாலும் இழுபறி தொடர்ந்தது. 1572-ன் இறுதியில் கிழக்கிலிருந்து தகெதா ஷிங்கென் என்ற பெரும் பிரபு நொபுனாகாவை நெருக்கிக்கொண்டிருந்தார். மறுபக்கத்திலிருந்து யோஷிகாகே அழுத்தியிருந்தால் கதை மாறியிருக்கலாம். பனிக்காலம் வந்ததும் அவர் படையோடு ஊர் திரும்பிவிட்டார். கொதித்துப்போன ஷிங்கென் கண்டித்துக் கடிதம் எழுதினார். நாள் பார்த்து வாய்ப்பைத் தவறவிடாதே என்று எழுதிவைத்தவரின் பேரனுக்குப் பேரன் இவர்!

பழைய ஜப்பானிய நாள்காட்டிப்படி 1573-ன் எட்டாம் மாதம். அஸாய்களுக்கு உதவப் போயிருந்த யோஷிகாகே பின்வாங்கத் தொடங்கியதும் நொபுனாகா துரத்தினார். தோனே கணவாயில் படை சிதறியது. அறுக்கப்பட்ட தலைகள் மூவாயிரத்துக்கு மேல் என்று நொபுனாகாவின் வரலாற்றை எழுதியவர் கணக்குச் சொல்கிறார். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுடன் யோஷிகாகே இச்சிஜோதானிக்கு வந்து சேர்ந்தார். தலைக்கு மேல் மலைக்கோட்டை தயாராக இருந்தது. 140 பள்ளங்களும் தயாராக இருந்தன. காவல் காக்கத்தான் ஆளில்லை. பக்கத்து ஓனோவுக்குப் போய்விடலாம் என்று ஒன்றுவிட்ட சகோதரன் காகெயாகி யோசனை சொன்னான். மறுநாளே கிளம்பினார். நூறு ஆண்டு பார்த்துப் பார்த்துச் செதுக்கிய கோட்டையின் மேல் ஓர் அம்புகூடப் பாயவில்லை.

ஓனோவில் அதே காகெயாகி அவர் தங்கியிருந்த கோயிலைச் சுற்றி வளைத்தான். யோஷிகாகே வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார். வயது நாற்பது. அவருடைய தாய், துணைவி, சிறுவனான மகன் எல்லோரும் கொல்லப்பட்டார்கள். இதற்குள் நொபுனாகாவின் ஆட்கள் இச்சிஜோதானிக்குத் தீ வைத்திருந்தார்கள். மூன்று பகல், மூன்று இரவு எரிந்தது.

1574 புத்தாண்டு விருந்தில் நொபுனாகா நெருங்கிய தளபதிகளுக்கு ஒரு விசேஷக் காட்சி வைத்திருந்தார். அரக்குப் பூசிப் பொன்னிறம் ஏற்றிய மூன்று மண்டையோடுகள்: யோஷிகாகே, அஸாய் நாகமாஸா, நாகமாஸாவின் தந்தை. அவற்றில் மது ஊற்றிக் குடித்ததாகப் பின்னாளில் கதை கட்டினார்கள். பழைய பதிவில் இருப்பது காட்சிக்கு வைத்தார் என்பது மட்டும்தான். அதுவே போதாதா?

காட்டிக்கொடுத்த காகெயாகியும் நீண்ட நாள் வாழவில்லை. அதே 1574-ல் மாகாணம் முழுக்க வெடித்த பௌத்தக் குடியானவர்களின் கலகத்தில் அவனும் மாண்டான். இச்சிஜோதானியில் நொபுனாகா அமர்த்தியிருந்த அதிகாரியையும் கலகக்காரர்கள் கொன்றார்கள். 1575-ல் ரத்த ஆறு ஓடவிட்டுக் கலகத்தை அடக்கிய நொபுனாகா மாகாணத்தைத் தளபதி ஷிபாதா கட்சுயியிடம் ஒப்படைத்தார். கட்சுயி இந்தக் குறுகிய பள்ளத்தாக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை. சமவெளியில் கிதானோஷோ என்ற இடத்தில் புதுக் கோட்டை எழுப்பினார். அதுதான் இன்றைய ஃபுகுயி நகரம். வணிகர்களும் அங்கே போய்விட்டார்கள்.

வயல் காத்த நகரம்

அதன் பிறகு இச்சிஜோதானிக்கு நேர்ந்ததுதான் அதன் அதிர்ஷ்டம். ஒன்றுமே நேரவில்லை. குடியானவர்கள் சாம்பல் மேட்டை நிரவி மண் போட்டு நெல் பயிரிட்டார்கள். நெல் வயலுக்கு ஆழமான அஸ்திவாரம் தேவையில்லை. தண்ணீர் கட்டி நின்ற ஈர மண்ணுக்குள் காற்று புகவில்லை. அதனால் மரச் சாமான்கள்கூட மக்கவில்லை. தெருவும் சாக்கடையும் கிணறும் அஸ்திவாரக் கற்களும் இருந்தது இருந்தபடியே நானூறு ஆண்டு உறங்கின.

ஆபத்து வந்தது 20-ம் நூற்றாண்டில். போருக்குப் பிந்தைய ஜப்பான் சிறு வயல்களை இணைத்துச் சமப்படுத்தி டிராக்டருக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டிருந்தது. 1960-களில் அந்தத் திட்டம் இந்தப் பள்ளத்தாக்கையும் எட்டியது. புல்டோசர் ஒருமுறை ஓடியிருந்தால் கதை முடிந்திருக்கும். அதற்குள் 1967-ல் அகழாய்வு தொடங்கிவிட்டது. தோண்டத் தோண்ட வெளிப்பட்டது வெறும் மாளிகை அல்ல, முழு நகரம் என்று புரிந்தது. 1971-ல் மலைக்கோட்டையும் சேர்த்து 278 ஹெக்டேர் நிலம் சிறப்பு வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஜப்பானில் இந்த உயர் தகுதி பெற்ற இடங்கள் அறுபது சொச்சம்தான். வயல்கள் சிறிது சிறிதாகப் பொது உடைமையாகின. 1991-ல் இங்குள்ள நான்கு தோட்டங்களுக்கும் தனியாகச் சிறப்பு அந்தஸ்து கிடைத்தது. யோஷிகாகே தன் துணைவிக்காக அமைத்த தோட்டத்தில் நான்கு மீட்டருக்கு மேல் உயரமான ஒரு பாறை இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. வைத்தவர்கள் போனார்கள், வைத்த கல் நகரவில்லை.

இதுவரை கிடைத்த பொருட்கள் 16 லட்சத்துக்கும் மேல். 2007-ல் அவற்றில் 2,343 பொருட்கள் முக்கியக் கலாசாரச் சொத்து என்று அறிவிக்கப்பட்டன. தங்கக் கிரீடங்கள் அல்ல இவை. வாணாய்கள், மரச் செருப்புகள், சீப்புகள், விளக்குகள், தேநீர்க் கிண்ணங்கள். மாளிகைப் பகுதியில் குவியல் குவியலாகக் கிடைத்தவை மெருகு பூசாத சின்ன மண் தட்டுகள். விருந்தில் ஒருமுறை மது அருந்தியதும் தூக்கி எறிந்துவிடுவார்கள். நம்மூர் ரயில் நிலையத்தில் தேநீர் தரும் மண் குவளையின் தலைவிதிதான்.

தெருக்கள் கைபோன போக்கில் அமைந்தவை அல்ல. சுமார் 30 மீட்டரை ஓர் அலகாக வைத்து ஊரை அளந்து பிரித்திருக்கிறார்கள். மலையோரம் பெரிய சாமுராய் மனைகள். தெருவை ஒட்டி ஒடுக்கமான கடை வீடுகள். சின்ன வீட்டுக்கும் சொந்தமாகக் கிணறு இருந்தது. சாயக்காரர் வீட்டில் பெரிய ஜாடிகள் வரிசையாகத் தரையில் புதைந்திருந்தன. இன்னொரு வீட்டில் மருந்து அரைக்கும் கருவியும், கருகிச் சுருண்ட புத்தகத் தாள்களும் கிடைத்தன. பொறுமையாகப் பிரித்துப் படித்தபோது அது சீன மருந்துகளைப் பற்றிய நூல் என்று தெரிந்தது. வீட்டுக்காரர் வைத்தியர். தாளைக் கருக்கிய நெருப்புதான் அதை மக்காமல் காப்பாற்றியும் கொடுத்தது.

வீடுகளில் கல் அடுக்கிய சிறு குழிகள் ஏராளமாக இருந்தன. எதற்கு என்று புரியாமல் ஆராய்ச்சியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு குழிக்குள் ஒரு மரப் பலகை அகப்பட்டது. கழிப்பறையில் குந்தும்போது முன்புறம் இருக்கும் தடுப்பு அது. புதிர் விடுபட்டது. இடைக்கால ஜப்பானிய நகரத்தில் வீட்டுக்கு வீடு கழிப்பறை இருந்தது என்று அடித்துச் சொல்ல ஒரு பலகை போதுமானதாக இருந்தது. அரசர்களின் சரித்திரத்தில் இதெல்லாம் வருவதில்லை. ஒரு நகரம் எப்படி வாழ்ந்தது என்று கேட்பவருக்கு இதைவிடப் பெரிய புதையல் எது?

இந்தியர்களுக்குச் சொந்தம் கொண்டாட ஒன்று உண்டு. மாளிகையை ஒட்டிய அகழியில் 174 சதுரங்கக் காய்கள் கிடைத்தன. நம் சதுரங்கம் ஆசியாவைச் சுற்றி ஜப்பானுக்குப் போய் ஷோகி என்று பெயர் மாறியது. காய்கள் மெல்லிய மரத் துண்டுகள். மேலே மையால் பெயர். அவற்றில் ஒன்றில் எழுதியிருந்தது: குடித்த யானை. இன்றைய ஷோகியில் யானை கிடையாது. பழைய ஆட்டத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில் இந்த மதயானை நின்றது என்பதற்குக் கையில் கிடைத்த சாட்சி இது. எதிரியின் எல்லைக்குள் புகுந்தால் யானை இளவரசனாகும். ராஜா வீழ்ந்தாலும் இளவரசனை வைத்து ஆட்டத்தைத் தொடரலாம். யானையையே பார்த்திராத ஒரு பள்ளத்தாக்கில் யாரோ அதை நகர்த்தி விளையாடியிருக்கிறார்கள். அந்த ஊரின் ராஜா வீழ்ந்தபோது இளவரசனையும் விட்டுவைக்கவில்லை எதிரிகள்.

எதைக் கட்டுவது, எதை விடுவது

ஜப்பானில் பழைய கோபுரத்தோடு தப்பிய கோட்டைகள் 12 மட்டுமே. 1873-ல் மெய்ஜி அரசு தேவையில்லாத கோட்டைகளைக் கைவிட்டது. பலவற்றை இடித்தார்கள், விற்றார்கள். 1945-ன் குண்டுவீச்சில் மேலும் சில போயின. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் பல கோபுரங்கள் கான்கிரீட். ஒஸாகா கோபுரம் 1931-ல் கட்டியது, நகோயா கோபுரம் 1959-ல். நகோயாவில் கான்கிரீட்டை இடித்துவிட்டு மரத்தில் அசல்போலவே கட்டும் திட்டத்தில் 2018-ல் கோபுரத்தை மூடினார்கள். லிஃப்ட் வைப்பதா வேண்டாமா என்பதிலேயே ஆண்டுகள் ஓடின. வயதானவர்களும் ஊனமுற்றவர்களும் ஏற முடியாத அசல் யாருக்காக என்ற கேள்விக்கு எளிதான பதில் இல்லை.

இச்சிஜோதானியில் வேறு விதமாக யோசித்தார்கள். 1995-ல் இங்கே சுமார் 200 மீட்டர் நீளத்துக்கு ஒரு தெருவை மீண்டும் எழுப்பினார்கள். அது பிரபுவின் மாளிகை அல்ல. சாமுராய் மனைகளும் கடை வீடுகளும் உள்ள சாதாரணத் தெரு. தோண்டி எடுத்த அஸ்திவாரக் கற்களின் மேலேயே தூண்கள் நிற்கின்றன. மண் சுவர், மரப்பலகைக் கூரை, கூரை மேல் பாரத்துக்குக் கற்கள். அந்தத் தெருவில் நடக்கும்போது மாளிகைகளைப் பார்க்கையில் வராத ஓர் உணர்வு வருகிறது: இந்த வீட்டில் நாமும் இருந்திருக்கலாம்.

ஆற்றுக்கு அப்பால் மாளிகை நின்ற இடத்தையோ வெறும் கற்களாகவே விட்டுவிட்டார்கள். 2022 அக்டோபரில் ரயில் நிலையத்துக்கு அருகே திறந்த புதிய அருங்காட்சியகத்துக்குள் மாளிகையின் ஒரு பகுதியை முழு அளவில் கட்டிக் காட்டியிருக்கிறார்கள். அருங்காட்சியகத்துக்காக மண்ணைத் தோண்டியபோது கல் பாவிய தளம் ஒன்று வெளிப்பட்டது. ஆற்றுத் துறைமுகமாக இருந்திருக்கலாம். அதை மூடாமல் கட்டடத்துக்குள்ளேயே பார்வைக்கு வைத்துவிட்டார்கள்.

நமக்கு இங்கே ஹம்பி ஞாபகம் வராமல் இருக்காது. விஜயநகரம் சூறையாடப்பட்டது 1565-ல், இச்சிஜோதானிக்கு எட்டே ஆண்டு முன்னால். அங்கே கருங்கல் நின்றது, அரண்மனைகளின் மர மாடங்கள் எரிந்தன. இங்கே எல்லாமே மரம், எல்லாமே எரிந்தது. ஹம்பியில் பழைய கடைத்தெரு மண்டபங்களில் குடியிருந்து கடை வைத்திருந்தவர்களை 2011-ல் புல்டோசர் வைத்து அகற்றினார்கள். நினைவுச்சின்னத்தைக் காப்பாற்ற என்று காரணம் சொன்னார்கள். கடைத்தெருவில் கடைக்காரர் இருக்கக்கூடாது! ஜப்பானிலும் கிராமத்தாருக்கு விதிமுறைகளின் தொல்லை உண்டு. பாதுகாக்கப்பட்ட மண்ணில் நினைத்தபடி எதையும் கட்டிவிட முடியாது. ஆனால் அவர்கள் கோடிக்கணக்கில் செலவழித்து எழுப்பியது ராஜாவின் சிம்மாசனத்தை அல்ல, கடைக்காரரின் வீட்டை. எது சரித்திரம் என்பதில் இரண்டு நாடுகளின் பார்வை எங்கே பிரிகிறது என்பதற்கு இது ஓர் அளவுகோல்.

வென்றவர்களின் நகரம் என்ன ஆயிற்று? கட்சுயியின் கிதானோஷோ கோட்டை 1583-ல் எரிந்தது. நொபுனாகாவுக்குப் பின் யார் என்ற போட்டியில் ஹிதெயோஷியிடம் தோற்ற கட்சுயி அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அஸாய் மறைந்த பிறகு அவரை மணந்திருந்த ஒய்ச்சியும் உடன் இறந்தார். அடுத்து அதே மண்ணில் எழுந்த ஃபுகுயி கோட்டையின் கோபுரம் 1669 தீவிபத்தில் போனது. மறுபடி கட்டவே இல்லை. 1945 ஜூலையில் அமெரிக்க விமானங்கள் நகரத்தைச் சாம்பலாக்கின. மூன்றாண்டு கழித்து, 1948 ஜூனில், பூகம்பம் வந்து மிச்சத்தை உலுக்கியது. மூவாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். இன்று அகழிக்கு நடுவே, பழைய கல் மதிலுக்கு மேல், மாவட்ட அரசு அலுவலகம் நிமிர்ந்து நிற்கிறது. கட்சுயியின் கோட்டையில் மிஞ்சியவை ஒரு சிறு கோயில் வளாகத்தில் சில கற்கள். மனிதர்கள் தொடர்ந்து ஆசைப்பட்ட இடத்தில் பழசு தங்குவதில்லை.

இச்சிஜோதானியும் முழுக்கத் தப்பிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. 2004 ஜூலையில் பேய்மழை கொட்டி ஆறு கரை புரண்டது. பள்ளத்தாக்கு மூழ்கியது. இங்கே வரும் ரயில் பாதையின் ஐந்து பாலங்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. முழுப் பாதையிலும் ரயில் மீண்டும் ஓட 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாளும் தீயும் விட்டுவைத்ததை மழை எடுத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது இனி வரும் தலைமுறையின் வேலை.

போக நினைப்பவர்களுக்கு: 2024 மார்ச் முதல் டோக்கியோவிலிருந்து புல்லட் ரயில் நேராக ஃபுகுயிக்கு வருகிறது, மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. அங்கிருந்து குஸுரியூ பாதையில் சின்ன ரயில், கால் மணி நேரப் பயணம். வண்டிகள் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நீண்ட நேரம் காத்திருக்க நேரிடும். குளிர்காலத்தில் பனி முழங்காலை முழுக்கும். முதலில் அருங்காட்சியகம், பிறகு கீழ் வாசல், தெரு, மாளிகைத் தளம், தோட்டங்கள் என்று நடந்தால் ஒரு பகல் போதும். மலைக்கோட்டைக்கு ஏற வேண்டுமானால் நல்ல செருப்பும் இன்னும் அரை நாளும் வேண்டும்.

மழை நாளில் போக நேர்ந்தால் வருத்தப்பட வேண்டாம். பள்ளத்தாக்கு முழுக்கச் சுமார் மூவாயிரம் கல் புத்தர்களும் நினைவுத் தூண்களும் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலும் பக்கத்து மலையில் வெட்டிய மென்மையான கல்; நனைந்தால் நீலம் கூடும். இறந்த தாய்க்கும் தந்தைக்கும் குழந்தைக்கும் ஊர்க்காரர்கள் நிறுத்தியவை இவை. பிரபுவின் ஊர் போன பின்பும் இவற்றை யாரும் அப்புறப்படுத்தவில்லை. குடியானவர்கள் இவற்றைச் சுற்றியே உழுதார்கள்.